அப்படி யாரும் இங்கே தங்கவில்லை

மலையடிவாரத்துக் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரை எல்லோரும் மேனேஜர் என்றுதான் கூப்பிடுவார்கள். எதற்கு மேனேஜர் என்று யாராவது கேட்டால், முதுகுக்குப் பின்னால் நிற்கிற மலையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான்" என்பார். மலை இதுவரை மறுத்துப் பேசியதில்லை.

உண்மையில் அவர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த மூன்று மாடி லாட்ஜுக்கு மேனேஜர். மீசை முளைத்த வயதில் கவுன்ட்டருக்குப் பின்னால் போய் நின்றவர், மீசை நரைத்த பிறகுதான் வெளியே வந்தார். அதுவும் லாட்ஜை இடித்துச் செல்போன் கடைகள் கட்டியதால். அவருக்கு மிஞ்சியது பட்டப்பெயரும், சாவிக்கொத்தைச் சுமந்து சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன நடையும்தான். வீட்டில் சும்மா இருந்த கொஞ்ச நாளில் அவர் செய்த காரியங்களை அவர் மனைவி இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். குளியலறைச் சோப்பைப் பாதியாக வெட்டி வைத்தார். ஊரிலிருந்து வந்திருந்த விருந்தாளியிடம், "எப்ப காலி பண்றீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்கப்பட்டவர் மனைவியின் சொந்த அண்ணன்.

"என்னங்க, எங்கயாவது வேலைக்குப் போயிடுங்க. சம்பளம் இல்லன்னாலும் பரவாயில்ல," என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்ட வாரத்தில்தான் டாக்டரம்மா ஆள் அனுப்பினார்.

டாக்டரம்மா என்றால் பல் டாக்டர். அவருடைய அப்பா மரக்கடைக்காரர். அந்த மலையை அவர் வாங்கியதே வெட்டி விற்பதற்குத்தான். பங்காளிகள் வழக்குப் போட்டார்கள். வழக்கு முடிவதற்குள் அவர் ஆயுசு முடிந்துவிட்டது. காடு தப்பித்தது. மலை ஒரே மகளுக்கு வந்தது. ஊரிலுள்ளவர்களின் பல்லையெல்லாம் வேரோடு பிடுங்கிச் சம்பாதித்த அந்த அம்மா, தன் மலையில் ஒரு செடியைக்கூட யாரும் வேரோடு பிடுங்கக் கூடாது என்று சொல்லி, மொத்தத்தையும் ஓர் அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். உள்ளேயிருந்து எதையும் எடுக்கக் கூடாது, உள்ளே எதையும் கொண்டு போகக் கூடாது, விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அறக்கட்டளைக்காரர்கள் காடு தெரிந்தவர்களாக நாலைந்து பேரைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். டாக்டரம்மா எல்லோரையும் அனுப்பிவிட்டு, வேப்பமரத்துக்கும் புங்கமரத்துக்கும் வித்தியாசம் தெரியாத லாட்ஜ் மேனேஜரைக் கூப்பிட்டார்.

ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. கதை சொல்கிறவனிடம் எல்லா அறைகளுக்கும் சாவி உண்டு என்பதால் எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா இளம்பெண்ணாக இருந்தபோது, மரம் அறுக்கும் மில்காரர் மகனுக்கு அவரைக் கட்டிக்கொடுக்க வீட்டில் முடிவு செய்தார்கள். அவரோ கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தைப் பைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பி வந்து, அந்த லாட்ஜில் தெருப்பக்கத்து அறை ஒன்றில் தங்கினார். ஜன்னல் சரியாக மூடாத அறை. அதனால் வாடகை குறைவு. மறுநாள் காலையிலேயே அப்பா பலகை லாரியோடு வாசலில் வந்து இறங்கினார். கவுன்ட்டரில் நின்ற பையனுக்கு அப்போதுதான் மீசை கறுத்திருந்தது. "அப்படி யாரும் இங்க தங்கலீங்களே," என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னான். மரக்கடைக்காரர் கவுன்ட்டரை ஓங்கி அறைந்தார். மோதிரம் பட்டு மரத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. அதற்கும் அவன் அசையவில்லை. லாரி போன பிறகு மாடிக்குப் போய், விரல் முட்டியால் இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. கதவைத் திறக்கச் சொல்லாமல் வெளியே நின்றபடியே, "போயிட்டாங்கம்மா. பின்பக்கப் படியில இறங்குனா காலேஜ் பஸ் கிடைக்கும்," என்றான்.

லாட்ஜ்காரர்களுக்கு இரண்டு விதிகள் உண்டு. எந்த அறையில் யார் என்று கடவுளே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. தங்கியவரைத் தெருவில் பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. மேனேஜர் இரண்டாவது விதியை எந்த அளவுக்குக் கடைப்பிடித்தார் என்றால், பிற்காலத்தில் பல்வலி வந்து அதே அம்மாவின் நாற்காலியில் எத்தனையோ தடவை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை. டாக்டரம்மாவும் கேட்டதில்லை. ஆனால் மலைக்கு ஆள் தேட வேண்டி வந்தபோது அவருக்கு வேறு யார் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

வேலைக்கு வந்த மேனேஜர் மலையை லாட்ஜாகவே நடத்தினார். அடிவாரத்துப் புதர்கள் தரைத்தளம், அங்கே முள்ளம்பன்றிகள். பாறைக்கு மேலே முதல் மாடி. உச்சியில் கழுகுகள், ஏனென்றால் காற்றோட்டமான அறைக்குத்தான் எப்போதும் கிராக்கி. பாறைக்குகையில் தலைகீழாகத் தொங்கும் வௌவால்களுக்கு டார்மிட்டரி என்று பெயர் வைத்தார். நடக்க வருகிறவர்கள் சத்தமாகப் பேசினால், "மெதுவா பேசுங்க, ஆளுங்க தூங்குறாங்க," என்பார். வந்தவர்கள் சுற்றுமுற்றும் ஆளைத் தேடுவார்கள். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வரும் மனைவி, "என்னங்க, இன்னிக்கு எத்தன ரூம் காலி?" என்று கேட்பார். "ஃபுல்லு," என்று முகத்தில் ஒரு கோடு சிரிப்பில்லாமல் பதில் வரும்.

எல்லாரையும்விட அவருக்குப் பிடித்த தங்கல்காரர் ஓடைக்கு அந்தப் பக்கம், நட்ட நடுக்காட்டில், பழைய மரம் ஒன்றின் பொந்தில் இருந்தது. பறக்கும் அணில். பூனை அளவு உடம்பு, அதைவிட நீள வால். பகல் முழுக்கத் தூக்கம். பொழுது சாய்ந்ததும் வெளியே வந்து, கைகால்களை விரித்து, போர்வையை விரித்தமாதிரி மரத்துக்கு மரம் மிதந்து போகும். "நைட் ஷிப்ட் பார்ட்டி. சத்தம் கிடையாது, வெந்நீர் கேக்காது, சுவத்துல கிறுக்காது. இந்தமாதிரி ஒரு கஸ்டமர் கிடைக்க புண்ணியம் பண்ணியிருக்கணும்," என்று மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஒருமுறை காற்றில் ஒரு காய்ந்த கிளை அந்த மரத்தின் பட்டையைச் சுரண்டியது. உடனே பொந்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. ரூம்பாய் வந்துவிட்டானோ என்று பார்ப்பதுபோல இருந்தது அது பார்த்த பார்வை. மேனேஜர் அன்று சாயங்காலமே அந்தக் கிளையைக் கயிறு போட்டு எட்ட இழுத்துக் கட்டிவிட்டார். தூங்குகிறவரைத் தொந்தரவு செய்வது அவருக்கு ஆகவே ஆகாது.

ஒரு நாள் நல்ல சட்டை, நல்ல பேச்சோடு ஒருவன் வந்து பறக்கும் அணிலைப் பற்றி விசாரித்தான். மேனேஜர் வழக்கமான பதிலைச் சொன்னார். பிறகு அதே ஆள் பக்கத்து மலையில் வலையோடும் கூண்டோடும் பிடிபட்டான் என்று கேள்விப்பட்டதும், தன் விதியின்மேல் அவருக்கிருந்த நம்பிக்கை இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது. வந்த வினை அந்தப் பெருமையில்தான் வந்தது.

மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குக் குறுக்குச் சாலை போட வேண்டுமென்று பேச்சு எழுந்தது. போட்டால் அது ஓடையை ஒட்டி, காட்டின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டுதான் போகும். தானப் பத்திரத்தைக் காட்டிச் சாலையைத் தடுக்க முடியாது. அரசாங்கமே இதைக் காப்புக்காடு என்று அறிவித்தால்தான் தடுக்க முடியும். அறிவிக்க வேண்டுமென்றால் அரிய உயிர் ஏதாவது அங்கே வாழ்கிறது என்று வனத்துறை ஆய்வாளர் எழுத வேண்டும். டாக்டரம்மா மேனேஜரிடம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "ஆபீஸ்லேருந்து ஆள் வருவாங்க. அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க."

மேனேஜர் அதற்குத் தயாராகவே இருந்தார். அவர் கணக்கில் அதிகாரி என்றால் ஜீப், ஜீப்புக்குப் பின்னால் தூசி, கதவைத் திறந்துவிட ஓர் ஆள். அதற்காகத் துவைத்த துண்டு ஒன்றை நாற்காலியில் விரித்தே வைத்திருந்தார். வந்ததோ கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு பெண். பஸ்ஸில் வந்து இறங்கி, தோள்பையோடு நடந்து வந்து, சிரித்த முகமாக, "இங்க பறக்கும் அணில் இருக்காங்க சார்?" என்று கேட்டார்.

சிரித்த முகமாக விசாரிக்கிறவர்களை மேனேஜர் வாழ்நாளெல்லாம் பார்த்தவர். ஓடி வந்த பெண்ணின் அண்ணன்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே," என்றார்.

"ஒண்ணுகூடவா? நீங்க ரொம்ப நாளா இங்க இருக்கீங்களாமே."

"இருக்கறதுனாலதான் சொல்றேன். அது மாதிரி ஒண்ண நான் கண்ணால பார்த்ததில்ல."

அந்தப் பெண்ணை ஓடைப்பக்கமே விடாமல், கேட்டுக்குப் பக்கத்து நடைபாதையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, மத்தியானப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். அன்றைக்குச் சாப்பாடு அவருக்கு வழக்கத்தைவிட ருசித்தது.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேனேஜர், ஆய்வாளர் வந்தாங்களா?"

"இன்னும் ஜீப் வரலீங்கம்மா."

"ஜீப் வராது. அவங்க பஸ்ல வந்துட்டுப் போயிட்டாங்க. போன்ல பேசுனேன். இத்தன வருஷமா இங்கயே இருக்கிற ஆளே இல்லன்னு அடிச்சுச் சொல்லிட்டாராம். அப்படித்தான் எழுதப் போறாங்களாம். அடுத்த வாரம் கூட்டம்."

மேனேஜர் எழுந்து நின்றார். துவைத்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். ஒரு ஆயுள் முழுக்க அவர் சொன்ன பொய்யெல்லாம் யாரையாவது காப்பாற்றியிருக்கிறது. இந்த ஒன்று மட்டும் தங்கியிருப்பவர்களின் தலையில் சாலையைப் போடப் போகிறது. டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. உங்களைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தானே, நான் யாரைத் திட்டுவது என்பதுபோல மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மேனேஜர் நகரத்துக்குப் போனார். ஆய்வாளரின் அலுவலகத்தில் ஒரு கவுன்ட்டர் இருந்தது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பழக்கமில்லாததால் கைகளை எங்கே வைப்பதென்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் இருந்த இளைஞன் நிமிராமல், "மேடம் இல்ல. வெளியூர் போயிருக்காங்க," என்றான்.

மேனேஜர் அவனை ஒரு நிமிஷம் பரிதாபமாகப் பார்த்தார். சொல்லும்போது அவன் கண் இடதுபக்கக் கதவுக்கு ஒரு தடவை போய்விட்டு வந்தது. இந்தத் தொழிலில் அது பெரிய தப்பு.

"தம்பி, இல்லன்னு சொல்றப்ப எதிர்ல நிக்கிறவன் கண்ண மட்டும்தான் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு, இடதுபக்கக் கதவுக்கு எதிரே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து ஆய்வாளர் வெளியே வந்தார்.

மேனேஜர் சொன்னதையெல்லாம் அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகு, "அன்னிக்கு இல்லன்னீங்க. இன்னிக்கு இருக்குங்கறீங்க. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தாங்களா?" என்றார்.

"இல்லீங்க மேடம். நான் லாட்ஜ்ல இருந்தவன். யார் தங்கியிருக்காங்கன்னு வெளிய சொல்லக் கூடாது. அது எனக்கு ரத்தத்துல ஊறிப்போச்சு. நீங்க யாருன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

மேனேஜர் யோசித்தார். "தெரியலீங்க மேடம்," என்றார்.

அந்தப் பதிலில் என்ன இருந்ததோ, ஆய்வாளர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "ஒரு சாயங்காலம் வர்றேன். ஒரே ஒரு சாயங்காலம். கண்ணால பார்த்தா எழுதுவேன். பாக்கலன்னா முன்னாடி சொன்னதுதான்."

அந்தச் சாயங்காலம் ஓடைக்கு அப்பால் நாலு பேர் நின்றார்கள். ஆய்வாளர், டாக்டரம்மா, மேனேஜர், அப்புறம் வரவேண்டாம் என்று சொன்னதாலேயே வந்துவிட்ட மேனேஜரின் மனைவி. வெயில் கிளைகளை விட்டு இறங்கியது. பறவைகள் சச்சரவை முடித்துக்கொண்டு அடங்கின. பொந்து கறுப்பாக, காலியாக, சும்மா இருந்தது. வழக்கமாக அது வெளியே வரும் நேரம் வந்தது, போனது. ஆய்வாளர் காமிராவைக் கீழே இறக்கினார். அவர் கடைசிப் பஸ்ஸை நினைக்கிறார் என்பது மேனேஜருக்குப் புரிந்தது. காலி பண்ணும் அவசரத்தில் இருப்பவர்கள் முகத்தை அவர் எவ்வளவோ பார்த்திருக்கிறார்.

"என்னங்க, நிஜமாவே ஆள் இருக்கா?" என்று மனைவி காதருகே கேட்டார். இந்தத் தடவை அதில் கேலி இல்லை.

இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எழுப்புவது எப்படி என்றும் தெரியும். ஆனால் வெளியே நாலு பேரை நிறுத்திவைத்துக்கொண்டு, தங்கியிருப்பவரின் கதவைத் தட்டி, இதோ இந்த அறையில்தான் என்று காட்டிக்கொடுப்பதை அவர் ஒருநாளும் செய்ததில்லை. மோதிரத்தோடு ஓங்கி அறைந்தவர் முன்னாலும் செய்ததில்லை. அவருடைய கால் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றது. திரும்பி டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா சரி என்பதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினார்.

மேனேஜர் மரத்தருகே போய், சட்டையைச் சரிசெய்துகொண்டு, விரல் முட்டியால் தட்டினார். இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒரு தட்டு. ஒன்றும் நடக்கவில்லை. அது மரம், லாட்ஜின் ஒட்டுப்பலகைக் கதவு இல்லை. "மன்னிச்சுக்கங்க," என்று பொந்தைப் பார்த்து முணுமுணுத்துவிட்டு, நகத்தால் பட்டையைப் பரபரவென்று சுரண்டினார்.

பொந்தில் ஒரு தலை முளைத்தது. பெரிய, ஈரமான, தூக்கம் கலைந்த இரண்டு கண்கள் நேராக மேனேஜரைப் பார்த்தன. காமிரா சன்னமாகச் சத்தமிட்டது. அப்புறம் அந்தத் தலைக்குப் பக்கத்தில் கைப்பிடி அளவில் இன்னொரு தலை முளைத்தது.

"எக்ஸ்ட்ரா ஆள் இருக்கறத எங்கிட்ட சொல்லவே இல்ல," என்றார் மேனேஜர். இந்த அறையில் இரண்டு பேர் என்று இத்தனை நாளில் அவருக்கே தெரியாது.

பெரியது பொந்தைவிட்டு வெளியே வந்து, மரத்தின் உச்சிவரை ஏறி, ஒரு கணம் நின்று, கைகால்களை விரித்தது. நாலு பேர் தலைக்கு மேலே, சத்தமில்லாமல், ஓடையைத் தாண்டி மிதந்து போயிற்று. சாலை போக வேண்டுமென்று கோடு போட்டிருந்த இடத்துக்கு நேர் மேலே. டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வாளர் எடுத்த படத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு காமிராவைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்.

"குட்டியோட இருக்குன்னு எழுதிடறேன். அது போதும், ரோடு வராது. ஆனா எந்த மரம், எந்தப் பக்கம்னு அறிக்கையில எழுத மாட்டேன். எழுதுனா அணில் பிடிக்கிறவங்க தேடிக்கிட்டு வருவாங்க. யாராவது வந்து கேட்டா, அன்னிக்கு எங்கிட்ட சொன்னீங்களே, அதையே சொல்லுங்க. நல்லாத்தான் சொன்னீங்க. நானே நம்பிட்டேன்."

மேனேஜரின் சாய்ந்த நடை அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்திருந்ததாக மனைவி சொல்கிறார். பெண்டாட்டி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மையாகத்தான் இருக்கும்.

இறங்கி வரும்போது மனைவி டார்ச்சை அடித்தபடி ஆய்வாளரோடு முன்னால் போய்விட்டார். பின்னால் டாக்டரம்மாவும் மேனேஜரும். டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு பாறையாகப் பார்த்துப் பார்த்து இறங்கினார். ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, நிமிராமல் கேட்டார்.

"ரெண்டு தட்டு, அப்புறம் ஒரு தட்டு. அன்னிக்கும் அப்படித்தானே தட்டுனீங்க?"

மேனேஜர் காட்டைப் பார்த்தார். எத்தனையோ வருஷம். அவரை நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, வலிக்குதா என்று மட்டும் கேட்ட குரல் இது.

"எனக்கு எதுவும் ஞாபகமில்லீங்கம்மா," என்றார்.

"நான் அங்க தங்குனது?"

"அப்படி யாரும் அங்க தங்கலீங்களே."

டாக்டரம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்திருக்கக் கையை நீட்டினார். மேனேஜர் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நாலு எட்டு நடந்த பிறகு, கனைத்துக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"அந்த ரூம்ல ஜன்னல் மட்டும் சரியா மூடாது. நீங்க போன அன்னிக்கே ஆசாரியக் கூப்பிட்டு அத சரி பண்ணிட்டேன்."